மேலே கிடந்த முதல் ஃபைல்

போன எபிசோட்டின் கடைசி ஐந்து நிமிடத்தில், "எந்த மென்பொருளிலும் எனக்குப் பிடிச்ச விஷயம் ரீசன்ட் ஃபைல்ஸ் லிஸ்ட்தான், அதில யாரும் கை வைக்கக் கூடாது" என்று நம் தொகுப்பாளர் சொன்னார். நான் அப்போது 401 நெடுஞ்சாலையில், ட்ராஃபிக்குக்குள் நின்றுகொண்டிருந்தேன். காருக்குள் தனியே இருந்து சத்தமாக "இல்லை" என்று சொன்னேன். பக்கத்துக் கார்க்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆகவே இந்தக் கிழமைக் கடிதம் ஒரு மறுப்பு. முழு மறுப்பு இல்லை, பாதி.

நான் இதைப் பற்றிக் கதைப்பது வேர்டையோ ஃபோட்டோஷொப்பையோ வைத்து இல்லை. மைக்ரோசொஃப்ட் அக்சஸை வைத்து. சிரிக்காதீங்க. 1992 நவம்பரில் வெளிவந்த மென்பொருள், உங்களில் பலரைவிட வயதில் மூத்தது, மேக்கில் ஓடவே ஓடாது, ஒரு ஃபைல் 2 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் ரொறன்ரோவில் ஒரு கொன்ட்ராக்டராக நான் போய் இறங்கும் சின்ன அலுவலகங்களில் இரண்டில் ஒன்றிலாவது, ஒரு மூலை மேசையில், அக்சஸில் எழுதிய ஏதோ ஒன்று இன்னும் சம்பளம் போட்டுக்கொண்டும், சரக்கு எண்ணிக்கொண்டும் இருக்கிறது. எழுதினவர் எப்பவோ வேலையை விட்டுப் போயிருப்பார். எங்கள் ஆட்களின் சங்கங்கள், கோயில்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்செல் போதாமல் போன நாளில் யாரோ ஒரு தொண்டர் அக்சஸுக்கு மாறியிருப்பார். அதோடு அப்படியே நின்றிருக்கும்.

வேர்டில் பழைய ஃபைலைத் தவறுதலாகத் திறந்தால் பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். எழுத்து வேறாக இருக்கும், கடைசியாக எழுதிய பந்தி இருக்காது. டேட்டாபேஸில் அப்படித் தெரியாது. அதே ஃபோர்ம், அதே பொத்தான், அதே நிறம். 400 பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் 400 இருக்கும். நீங்கள் புதிதாக ஒன்றைச் சேர்ப்பீர்கள், அது பத்திரமாகச் சேமிக்கப்படும். பிழையான இடத்தில், பத்திரமாக.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே அதைச் செய்தவன்.

ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. இடம், பெயர் வேண்டாம். மாணவர் பதிவும் கட்டணமும் ஒரே ஒரு அக்சஸ் ஃபைலில். அந்த ஃபைல் அலுவலக அறையில் இருக்கும் மேசைக் கணினியில், ஒரு பகிர்வு ஃபோல்டருக்குள் கிடக்கும். அந்தக் கணினியில் இருப்பவர் மாஸ்டர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், எழுபது தாண்டிவிட்டது, எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். வாசலில் இன்னொரு மேசை. அங்கே ஒரு அக்கா லப்டொப்பில் அதே ஃபைலை நெட்வேர்க் வழியாகத் திறந்து பதிவு செய்வார். அவர் டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் வைத்திருந்தார். மாஸ்டர் ஷோர்ட்கட் வைத்திருக்கவில்லை. அக்சஸைத் திறப்பார், இடப்பக்கத்தில் வரும் பட்டியலில் முதலாவதை அமத்துவார். ஆறு வருசமாக அப்படித்தான்.

(ஆம், டேட்டா ஒரு ஃபைலிலும் ஃபோர்ம்கள் இன்னொரு ஃபைலிலுமாகப் பிரித்திருக்க வேண்டும். தெரியும். பிரித்திருந்தால் வேறு விதமான கூத்து நடந்திருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.)

ஒரு செப்டெம்பர் மாதம், வியாழன் பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்கள். வகுப்புவாரியான பட்டியலை அச்சிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிறகு ஒரு வெறும் பக்கம் வருகுதாம். அக்சஸ் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும்: ரிப்போர்ட்டின் அகலமும் இரண்டு பக்க மார்ஜினும் சேர்ந்து தாளின் அகலத்தைத் தாண்டிவிட்டது. பத்து நிமிட வேலை. ஆனால் நான் பொறுப்பான ஆள் பாருங்கோ, உண்மையான ஃபைலில் கை வைக்காமல் ஒரு நகல் எடுத்துச் சோதிப்போம் என்று நினைத்தேன்.

அங்கேதான் பிழைத்தது. அக்சஸில் 'சேவ் அஸ்' பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வழி இருக்கிறது. 'பக்கப் டேட்டாபேஸ்' என்பதை அமத்தினால், பெயருக்குப் பின்னால் அன்றைய திகதியை ஒட்டி ஒரு நகல் எடுத்துவிட்டு, உங்களைத் திரும்ப மூல ஃபைலுக்கே கொண்டுவந்து விடும். சாதாரணமாக 'அக்சஸ் டேட்டாபேஸ்' என்று சேமித்தால், மூல ஃபைலை மூடிவிட்டு நகலைத் திறந்து உங்களை அதற்குள் இருத்திவிடும். நான் இரண்டாவதை அமத்தினேன். 'வேலை' என்று ஒரு புது ஃபோல்டர் போட்டு, அதே பெயரிலேயே சேமித்தேன். நகலுக்குள் ரிப்போர்ட்டைத் திருத்தினேன். மூல ஃபைலைத் திறந்து, திருத்திய ரிப்போர்ட்டை அதற்குள் இறக்கினேன். சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க நகலை இன்னொரு முறை திறந்தேன். மூடினேன். லைட்டை நிப்பாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கடைசியாகத் திறந்தது நகல். பட்டியலில் முதலாவதும் நகல்.

சனி காலை மாஸ்டர் முதலாவதை அமத்தினார்.

பட்டியலில் ஃபைல் பெயர் பெரிதாகத் தெரியும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில். எழுபது வயதுக் கண்ணுக்கு அது இல்லாத மாதிரித்தான். எனக்கே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கு. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தவன் நான் என்பதை மறக்கவில்லை. ஆனால் ஆபத்து எதில் இருக்கிறதோ அதைச் சின்னதாக எழுதுவது என்ன வடிவமைப்பு என்று இன்றைக்கும் கேட்பேன்.

இரண்டு சனிக்கிழமை. மாஸ்டர் நகலில் 23 பிள்ளைகளைச் சேர்த்தார். வாசலில் அக்கா மூல ஃபைலில் 19 பிள்ளைகளைச் சேர்த்தார். இரண்டு ஃபைலும் கடைசியாக நின்ற இலக்கம் 411. ஆகவே இரண்டிலும் அடுத்த பிள்ளை 412. ஓட்டோநம்பர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இந்த ஃபைலில் 418 ஒரு பிள்ளை, அந்த ஃபைலில் 418 வேறொரு பிள்ளை. பற்றுச்சீட்டிலும் அந்த இலக்கம்தான்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு தாய் வாசலில் வந்து நின்றிருக்கிறார். மகனுக்குப் புத்தகம் வாங்க வேண்டும். அக்கா பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பெயர் இல்லை. இலக்கம் தெரியுமா என்று கேட்டு 418 ஐப் போட்டால் வேறொரு பிள்ளை வருகுது. "நீங்கள் இன்னும் பதியேல்லை எண்டு காட்டுது" என்றிருக்கிறார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில். அந்தத் தாய் காசு கட்டியவர், 120 டொலர், ஆனால் துண்டு வீட்டில். வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, நான் திருப்பிக் கட்டுறன்" என்று கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

இதை எனக்குச் சொன்னபோது அக்காவுக்குக் குரல் தடுமாறியது. எனக்கும் கேட்க ஏலாமல் இருந்தது. ஒரு மென்பொருளின் வசதிப் பட்டியலில் கிடந்த ஒரு வரி, ஒரு மனிசியை ஊராட்களுக்கு முன்னால் காசு கட்டாதவர் ஆக்கியிருக்கிறது.

அன்று பின்னேரம் நிர்வாகத்தில் ஒருவர் எனக்கு ஃபோன் எடுத்தார். "மாஸ்டருக்கு வயசு போட்டுது தம்பி, பதிஞ்சதெல்லாத்தையும் அழிச்சுப்போட்டார் போல, வேற ஆளைப் போடுவம் எண்டு கதைக்கிறம்" என்றார். நான் போனபோது மாஸ்டர் அந்தக் கதிரையில் இருக்கவில்லை, பக்கத்தில் நின்றார். "தம்பி, நான் எப்பவும் மேல கிடக்கிறதைத்தானே அமத்துறனான்" என்றார். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பட்டியலைப் பார்த்தேன். ஒரே பெயர் இரண்டு தடவை. அடிவயிற்றில் ஏதோ செய்தது.

அப்போது என் கை போன முதல் இடம், அந்த வரியில் ரைட் கிளிக் செய்து 'ரிமூவ் ஃப்ரம் லிஸ்ட்'. நகல் மறைந்துவிடும், இனி யாரும் அதை அமத்த மாட்டார்கள், பிரச்சினை முடிந்தது. அமத்தவில்லை. அமத்தியிருந்தால் மாஸ்டரை நான் காப்பாற்றியிருக்க ஏலாது.

ஏனென்றால் இந்தப் பட்டியல் ஒரு பட்டியல் மட்டும் இல்லை, அது ஒரு பதிவேடும்கூட. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில், கரன்ட் யூசர் கிளைக்குள், ஒஃபிஸ் 16.0, அக்சஸ், ஃபைல் எம்ஆர்யூ என்று போனால், 'ஐட்டம் 1', 'ஐட்டம் 2' என்று வரிசையாக இருக்கும். ஒஃபிஸில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு சைன் இன் செய்திருந்தால் பக்கத்தில் யூசர் எம்ஆர்யூ என்று இன்னொரு இடத்தில் பார்க்க வேண்டும். மாஸ்டர் எந்தக் கணக்கிலும் இல்லை, நல்ல காலம். ஒவ்வொரு ஐட்டத்திலும் பாதைக்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் சில குறிகள். அதில் 'டி' என்று தொடங்குவது நேரம்: அந்த ஃபைல் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்பது, 1601 ஜனவரி 1 இலிருந்து எண்ணிய நூறு நானோசெக்கன்ட் துண்டுகளாக, பதினாறடிமான எண்ணில். மனிதர் வாசிக்க எழுதியது இல்லை. ஆனால் இரண்டு வரி பவர்ஷெல் போதும், திகதியாக மாறிவிடும்.

மாற்றினேன். மூல ஃபைல் அந்தக் கணினியில் கடைசியாகத் திறக்கப்பட்டது வெள்ளி அதிகாலை 1:40. ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன். அந்த நேரத்தில் பூட்டிய கட்டடத்துக்குள் யார்? பிறகுதான் உறைத்தது, அது யு.டி.சி. நேரம். நாலு மணித்தியாலம் கழித்தால் வியாழன் இரவு 9:40. அந்த நேரத்தில் அந்தக் கதிரையில் இருந்தவன் நான். நகல் ஃபைல் உருவான நேரம் அதே இரவு 9:05. அதற்குப் பிறகு மாஸ்டரின் கணினியில் மூல ஃபைலை ஒருவரும் திறக்கவே இல்லை. அவர் சொன்ன மாதிரியே, மேலே கிடந்ததைத்தான் அமத்தியிருக்கிறார். அவர் எதையும் அழிக்கவில்லை. எதையும் மறக்கவில்லை. ஆறு வருசமாகச் செய்ததை அப்படியே செய்தார், அவருக்குக் கீழே இருந்த தரையை நான் மாற்றிவிட்டேன்.

நிர்வாகத்துக்கு அதைச் சொன்னேன். சொல்லச் சந்தோசமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

இரண்டு ஃபைலையும் ஒன்றாக்க இரண்டு இரவு போனது. நகலில் இருந்த 23 பேரையும் இலக்கம் இல்லாமல் மூல ஃபைலுக்குள் சேர்த்து, புது இலக்கம் கொடுத்து, புதுப் பற்றுச்சீட்டு அடித்து, 23 வீட்டுக்கும் அக்கா ஃபோன் எடுத்தார். அந்தத் தாயின் 120 டொலரை மாஸ்டர் ஒரு கவரில் போட்டுத் தன் கையாலேயே கொடுத்தார்.

இனி, தொகுப்பாளருக்கான மறுப்பு. "அதில கை வைக்கக் கூடாது" என்றால், தானாக வளர்ந்த ஒன்றை அப்படியே நம்பச் சொல்கிறார் என்று அர்த்தம். இந்தப் பட்டியலுக்குக் கடைசியாக எது திறந்தது என்று மட்டும்தான் தெரியும். எது சரியானது என்று தெரியாது. நெட்வேர்க்கில் இருக்கும் ஒரே ஃபைலை ஒருமுறை இசட் டிரைவ் வழியாகவும், ஒருமுறை சேர்வர் பெயரைப் போட்டும் திறந்தால், ஒரே ஃபைல் இரண்டு வரியாக நிற்கும். உண்மையில் இரண்டு வேறு ஃபைல்கள் ஒரே பெயரில் இரண்டு வரியாக நிற்கும். பார்க்க ஒரே மாதிரித்தான். அழிந்துபோன ஃபைலும் வரியாக நின்றுகொண்டே இருக்கும், அமத்தும்போதுதான் "காணவில்லை" என்று சொல்லும்.

டேட்டாவையும் ஃபோர்மையும் பிரித்து வைத்தால் இன்னும் மோசம். பட்டியலில் வருவது நீங்கள் திறந்த ஃபோர்ம் ஃபைல் மட்டும். டேட்டா ஃபைல் பின்னால் லிங்க் வழியாகத்தான் வருகிறது, அது பட்டியலில் வராது. ஃபோர்ம் ஃபைலை நகலெடுத்து 'டெஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டு நிம்மதியாக விளையாடுவீர்கள், உள்ளே இருக்கும் லிங்க் இன்னமும் உண்மையான டேட்டாவையே பார்த்துக்கொண்டிருக்கும். பெயரில் டெஸ்ட், அழிவது நிசம். இதுதான் நான் முதலில் சொன்ன வேறு விதமான கூத்து.

அப்படியென்றால் பட்டியலை அழித்துவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன், நினைத்ததைச் செய்தும் பார்த்தேன். பாதி மறுப்பு என்று சொன்னது இதற்காகத்தான்.

அந்த இரண்டாவது இரவு, வேலை முடிந்ததும், ஒப்ஷன்ஸுக்குள் போய், 'கிளையன்ட் செட்டிங்ஸ்', அதில் 'டிஸ்பிளே' பகுதி, எத்தனை சமீப ஃபைல்களைக் காட்ட வேண்டும் என்ற இடத்தில் 0 என்று போட்டேன். 2003 காலத்து அக்சஸில் மெனுவின் அடியில் அதிகபட்சம் ஒன்பது ஃபைல்தான் நிற்கும். இப்போது 50 வரைக்கும் நிற்கும். எனக்கு ஒன்றுமே வேண்டாம் என்று பூச்சியம். டெஸ்க்டொப்பில் ஒரு ஷோர்ட்கட் வைத்தேன். நல்ல பிள்ளை மாதிரி வீட்டுக்குப் போனேன்.

சனி காலை எட்டரைக்கு ஃபோன். "தம்பி, என்ர பள்ளிக்கூடம் காணேல்லை."

அவருக்கு டெஸ்க்டொப் என்பது பேரப்பிள்ளைகளின் படம் நிற்கும் இடம். அங்கே ஒரு ஐகன் புதிதாக முளைத்ததை அவர் பார்க்கவே இல்லை. ஃபோல்டர், டிரைவ், பாதை, இவை ஒன்றும் அவர் உலகத்தில் இல்லை. அக்சஸைத் திறந்தால் இடப்பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கும், அவ்வளவுதான். நான் வழியை மாற்றவில்லை, கதவையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்களில் அநேகமாக எல்லாரும் வீட்டில் ஐடி டிபார்ட்மென்ட். அம்மாவின் லப்டொப் மெதுவாக ஓடுது என்றால் நீங்கள்தான். நாலு குப்பை மென்பொருளை அகற்றிவிட்டு, பழக்கதோசத்தில் 'ஹிஸ்ட்ரி' எல்லாம் துடைத்துவிட்டுக் கொடுப்பீர்கள். லப்டொப் பறக்கும். அடுத்த நாள் அம்மா, "என்ர ஃபைல் எல்லாம் போச்சு" என்பார். "ஒண்டும் போகேல்லை அம்மா, டொக்குமென்ட்ஸுக்குள்ளதான் கிடக்கு" என்று நீங்கள் எரிச்சலோடு சொல்வீர்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பட்டியலில் இருந்து ஒரு வரியை எடுத்தால் ஃபைல் அழியாது, சரி. ஆனால் அந்த ஃபைலுக்குப் போக அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வழி அழிந்துவிட்டது. அவருடைய கணக்கில் அது போனதுதான்.

அதோடு, துடைத்தேன் என்று நினைப்பதும் முழுக்கத் துடைத்ததாகாது. அக்சஸில் அழித்தாலும், டாஸ்க்பாரில் அக்சஸ் ஐகனை ரைட் கிளிக் செய்தால் அங்கே விண்டோஸ் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இன்னொன்று. லிப்ரே ஒஃபிஸ் பேஸ் பாவிப்பவர்களுக்கு வேறு கதை: அதன் தொடக்கத் திரையில் டேட்டாபேஸ், கடிதம், கணக்குத்தாள் எல்லாம் ஒரே கும்பலாக நிற்கும், அழித்தால் எல்லாம் சேர்ந்து போகும்.

நான் பட்டியலைத் துடைக்கச் சொல்லும் ஒரே இடம் என்னைப் போன்ற கொன்ட்ராக்டர்களின் சொந்தக் கணினி. ஒரு முறை வாடிக்கையாளர் ஒருவரோடு வீடியோ கோலில் திரையைப் பகிர்ந்தபடி அக்சஸைத் திறந்தேன். எந்த ஃபைலையும் திறக்க முன்னமே முதல் திரையில் பட்டியல். அதில் வேறொரு நிறுவனத்தின் பெயரும், அதோடு ஒட்டி, அடுத்த மாதம் யாரை வேலையால் நிறுத்தப் போகிறார்கள் என்று விளங்கக்கூடிய ஒரு ஃபைல் பெயரும். மூன்று செக்கன்ட் இருக்கும். எதிர்ப்பக்கம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஃபைலைத் திறக்காமலே ஃபைல் பெயர் கதைக்கும் என்று அன்று படித்தேன். இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி விண்டோஸ் பயனர் கணக்கு வைத்திருக்கிறேன். பட்டியல் பயனரோடு கட்டுப்பட்டது என்பதால் ஒருவரின் பட்டியல் மற்றவரின் திரையில் வராது. கொஞ்சம் அலுப்பான ஏற்பாடுதான், பழகிவிட்டது.

மற்றவரின் கணினியில் என் நிலைப்பாடு வேறு. அந்தப் பட்டியல் அவருடையது. அவர் வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி. நான் திருத்த வந்தவன், என் சாவியை அதில் கோர்த்துவிட்டுப் போகவும் கூடாது, அவருடையதைக் கழற்றவும் கூடாது. தொடங்க முன்னம் பட்டியலை ஃபோனில் ஒரு படம் எடுக்கிறேன். நகல் வேண்டுமென்றால் 'பக்கப்' வழியை மட்டும் பாவிக்கிறேன், சோதிப்பது என் லப்டொப்பில். அங்கேயே திறந்துதான் ஆக வேண்டும் என்றால், போகும்போது நான் திறந்ததை ஒவ்வொன்றாக 'ரிமூவ்' செய்து, சரியான ஃபைலைக் கடைசியாகத் திறந்து மூடுகிறேன். இதற்கு இரண்டு நிமிடம் போகும். அந்த இரண்டு நிமிடத்துக்கும் நான் பில் போடுகிறேன், வெட்கப்படாமல்.

மாஸ்டரின் கணினியில் இப்போது பூச்சியம் இல்லை, ஐந்து. சரியான ஃபைலுக்குப் பக்கத்தில் பின் குத்தியிருக்கிறேன். பின் குத்தியது மேலேயே நிற்கும், யார் எதைத் திறந்தாலும் கீழே தள்ளுப்படாது. ஆனால் பின்னும் ஒரு பாதையைத்தான் பிடித்திருக்கிறது. நாளைக்கு யாராவது அந்த ஃபோல்டரை நகர்த்தினால் பின் காற்றில் தொங்கும், பழைய நகலில் குத்தியிருந்தால் பிழையை நிரந்தரமாக்கிவிடும். அதனால் ஃபைலுக்குள்ளேயே இன்னொரு காவல்: முதல் ஃபோர்மின் தலைப்பில் கரன்ட்புரொஜெக்ட் டொட் ஃபுல்நேம் தருகிற முழுப் பாதையைப் பெரிய எழுத்தில் காட்டுகிறேன். ஃபைல் இருக்க வேண்டிய ஃபோல்டரில் இல்லையென்றால் ஃபோர்மின் பின்னணி முழுக்கச் சிவப்பாகி, "இது நகல், பதிய வேண்டாம்" என்று தமிழில் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். ஏழெட்டு வரி கோட். அந்த ஏழெட்டு வரியை முதலே எழுதியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

மைக்ரோசொஃப்டிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு வரி வந்தால், அந்த இரண்டுக்கு மட்டுமாவது ஃபோல்டர் பெயரைப் பெரிதாகக் காட்ட ஏலாதா? ப்ரோக்ராமர்கள் பாவிக்கும் எடிட்டர்களில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் திறந்திருந்தால் டாப்பில் ஃபோல்டர் பெயரும் சேர்ந்து வருகிறது. எங்களுக்கு என்றால் உடனே செய்வோம். மாஸ்டர்மார்களுக்கு என்றால் சின்ன எழுத்து.

போன மாதம் அங்கே போயிருந்தேன். புதிய வகுப்பு ஒன்று சேர்க்க வேண்டியிருந்தது. மாஸ்டர் கதிரையைத் தந்துவிட்டுப் பின்னால் நின்றார். முடித்து, மூடி, எழும்பப் போக, தோளில் கை வைத்து இருத்தினார்.

"தம்பி, அக்சஸை ஒருக்காத் திரும்பத் திறவும். மேல என்ன கிடக்குதெண்டு பாத்திட்டு எழும்பும்."